இருதலைப் பாம்பின் வால்: ஒரு பெயர் மொழிபெயர்ப்பின் வரலாறு

1. முன்னுரை

பாம்பின் உடலில் தலை எது, வால் எது என்பது ஐயத்திற்கு இடமில்லாத செய்தியாகத் தோன்றும். ஆயினும் தென்னிந்திய மொழிகள் பலவற்றில் ஒரு பாம்பின் பெயரே இந்த ஐயத்தின் மீது அமைந்துள்ளது. தமிழில் இருதலைப் பாம்பு, இருதலை மணியன், மண்ணுளிப் பாம்பு எனவும், விலங்கியலில் எரிக்ஸ் ஜானீ எனவும் வழங்கும் நஞ்சற்ற பாம்பே அது. அதன் வால் கூர்ந்து முடிவதில்லை. மழுங்கித் தடித்து, முதற்பார்வையில் மற்றொரு தலை போலக் காட்சியளிக்கிறது.

இப்பெயரைத் தமிழிலிருந்து பிற மொழிகளுக்கும் பிற மொழிகளிலிருந்து தமிழுக்கும் பெயர்த்தவர்கள் ஒரு வடிவ வருணனையை உடற்கூற்றுச் செய்தியாக மாற்றிவிட்டனர் என்பதும், அம்மாற்றத்தின் விளைவுகள் அகராதியோடு நின்றுவிடவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதனோடு தொடர்புடைய மற்றொரு சிக்கல், பாம்பின் வால் முறிவைக் குறிக்கும் கலைச்சொல் பற்றியது. பல்லியின் வால் அறுதலுக்கும் பாம்பின் வால் முறிதலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் வினைச்சொற்களைக் கொண்டே எவ்வாறு காட்டலாம் என்பதும் இறுதிப் பகுதியில் ஆராயப்படுகிறது.

2. களம்: கோலார் தங்கவயல்

இப்பெயரின் வரலாற்றை நோக்குவதற்குக் கோலார் தங்கவயல் பொருத்தமான இடமாகும். கருநாடகத்தின் கிழக்கெல்லைப் பகுதியில், ஆந்திரத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் அணுக்கமாக அமைந்த வறண்ட மேட்டுநிலம் அது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் நிருவாகத்தில் சுரங்கத்தொழில் அங்கு விரிவடைந்தபோது, வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராகக் குடியேறினர். தெலுங்கு பேசுவோரும் வந்து சேர்ந்தனர். சுற்றுப்புற ஊர்களின் மொழிகளாகக் கன்னடமும் தெலுங்கும் இருந்தன. மேலாளர் மொழியாக ஆங்கிலம் இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயின் ஒரே தெருவில் மூன்று திராவிட மொழிகள் புழங்கும் நிலை மறையவில்லை.

இத்தகைய களத்தில் ஒரே உயிரினத்திற்கு மூன்று பெயர்கள் அருகருகே ஒலிக்கின்றன. தமிழர் இருதலைப் பாம்பு என்பர்; கன்னடர் எரடு தலெ ஹாவு என்பர்; தெலுங்கர் ரெண்டு தலல பாமு என்பர். மேலோட்டமாக நோக்கின் மூன்றும் ஒன்றற்கொன்று நேர்மொழிபெயர்ப்புகள். இலக்கண நோக்கில் அவை ஒன்றல்ல என்பது பின்னர்க் காட்டப்படும். அதற்கு முன், பெயரால் சுட்டப்படும் உறுப்பின் இயல்பை அறிதல் வேண்டும்.

3. பாம்பின் வால் எங்குத் தொடங்குகிறது?

தமிழ் வழக்கில் வால் என்பது இடத்தைவிட வடிவத்தையே பெரிதும் சார்ந்த சொல். பட்டத்தின் வால், நெல்லின் வால், வால்மீன் என்னும் ஆட்சிகளில் மெலிந்து நீண்டு தொங்கும் பகுதியே வால் எனப்படுகிறது. பாம்புக்கும் இவ்வாறே, உடல் மெலியத் தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரையுள்ள பகுதியைப் பேச்சுவழக்கு வால் என்கிறது.

விலங்கியலின் வரையறை வேறு. கழிவாய்க்குப் பின்னுள்ள பகுதி மட்டுமே பாம்பின் வால். கழிவாய்க்கு முன்னுள்ள முதுகெலும்புக் கண்ணிகளில் அசையும் விலா எலும்புகள் இணைந்திருக்கும். கழிவாய்ப் பகுதியில் அவை கவர்பட்ட வடிவம் பெறுகின்றன. வாலில் அசையும் விலா எலும்பே இல்லை, கண்ணியோடு ஒட்டிய பக்கமுள்கள் மட்டுமே உள. வெளித்தோற்றத்திலும் வேறுபாடு தெளிவானது. வயிற்றுச் செதில்கள் பெரும்பாலான பாம்புகளில் அகன்ற ஒற்றைத் தகடுகளாகக் கழிவாய்வரை வருகின்றன. அதன்பின் வாலடிச் செதில்கள் தொடங்குகின்றன. இவை பல இனங்களில் இரட்டையாகவும், மண்ணுளி போன்ற சிலவற்றில் ஒற்றையாகவும் அமைகின்றன.

எனவே வாலின் நீளம் மெலிவைப் பொறுத்ததன்று. மரத்தில் வாழும் கொம்பேறி மூக்கனின் வால் மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மண்ணுளியின் வாலோ பத்தில் ஒரு பங்கு அளவினது. ஆண் பாம்பின் புணர்ச்சியுறுப்புகள் இரண்டும் வாலின் அடிப்பகுதிக்குள் மடங்கிக் கிடப்பதால், ஒரே இனத்தில் ஆணின் வால் பெண்ணின் வாலைவிடப் பொதுவாக நீண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் கேடயவால் பாம்புகளில் வாலின் முனை சாய்வாக வெட்டியது போலிருக்கும். 1829இல் கூவியே அமைத்த யூரோபெல்டிஸ் என்னும் பேரினப்பெயர் வால், கேடயம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. தமிழ்ப்பெயர் அதன் மொழிபெயர்ப்பாகப் பின்னர் எழுந்தது.

வடிவம் சார்ந்த மக்கள் வரையறையும் இடம் சார்ந்த அறிவியல் வரையறையும் பெரும்பாலான பாம்புகளில் முரணுவதில்லை. மெலியும் பகுதியும் கழிவாய்க்குப் பிற்பட்ட பகுதியும் அங்கு ஏறத்தாழ ஒன்றே. மண்ணுளியில்தான் அவை பிரிகின்றன. மெலியாத வால் மக்கள் வழக்கின்படி வாலாகாது. வாலாகாத முனைக்கு வேறொரு பெயர் வேண்டியிருந்தது. அப்பெயராகத் தலை என்னும் சொல் வந்து அமைந்தது.

4. இருதலை என்னும் தொடரின் பொருள்

தலை என்னும் சொல் சிரசை மட்டும் குறிப்பதன்று. முனை, நுனி, எல்லை, இடம் என்னும் பொருள்களும் அதற்குத் தொன்றுதொட்டு உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஏழாம் வேற்றுமைப் பொருளில் வரும் இடச்சொற்களை அடுக்கும்போது கடை, தலை ஆகியவற்றையும் அவற்றுள் வைத்து எண்ணுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் நுனிப் பொருளைப் பதிவு செய்துள்ளது. இன்றைய பேச்சிலும் சேலையின் முனையைத் தலைப்பு என்பது வழக்கு. ஆங்குச் சிரசுக்கு இடமேயில்லை.

இருதலைக் கொள்ளி எறும்பு என்னும் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. இருமுனையும் எரியும் கொள்ளிக்கட்டையின் நடுவே அகப்பட்ட எறும்பையே அது சுட்டுகிறது. கொள்ளிக்கு இரண்டு சிரசு என்று எவரும் பொருள் கொள்வதில்லை.

இரு என்னும் எண்ணடையும் கருதத்தக்கது. பெயருக்கு முன் ஒட்டி வரும் இவ்வடிவம் பல இடங்களில் எண்ணிக்கையை மட்டுமன்றி முழுமையையும் உணர்த்துகிறது. இருகரை, இருபுறம், இருசாரார் என்பவற்றில் இரண்டும் என்னும் முற்றுப்பொருள் உண்டு. ஆற்றுக்கு இருப்பவை இரண்டே கரைகள்; ஆதலின் இருகரை என்பது கரைகளை எண்ணுவதற்காகக் கூறப்படுவதன்று, இரண்டையும் ஒருசேரச் சுட்டுவதற்காகக் கூறப்படுவது. இந்நோக்கில் இருதலைப் பாம்பு என்பதற்கு இருமுனையும் ஒத்த பாம்பு என்று பொருள்கொள்ளல் இலக்கணத்திற்கு இயைந்ததே. அவ்வாறு கொள்ளின் அப்பெயர் உயிரினத்தின் தோற்றத்தைப் பிழையின்றி வருணிப்பதாகும்.

இதற்கு மாறான சான்றுகளும் உள்ளன என்பதை மறைத்தல் ஆகாது. அகநானூற்றின் 12ஆம் பாட்டில் இடம்பெறும் இருதலைப் புள் ஓருயிரும் இரு தலையும் கொண்ட பறவையே. அங்குத் தலை சிரசையே குறிக்கிறது. பாம்பைப் பற்றியும், ஆறு மாதம் ஒரு தலையால் நடக்கும், ஆறு மாதம் மறுதலையால் நடக்கும் என்னும் நம்பிக்கை தமிழரிடையே பரவலாக உண்டு. எனவே சிரசுப் பொருள் அயல்மொழியிலிருந்து வந்து புகுந்தது எனல் பொருந்தாது. இரண்டு பொருளும் ஒரு தொடரில் அருகருகே இருந்தன. கேட்பவர் ஒன்றைத் தேர்ந்தார் என்பதே பொருத்தமான விளக்கம்.

இந்த இருபொருள்மை மொழிபெயர்ப்பில் நீடிப்பதில்லை. கன்னடத்தில் தலெ, தெலுங்கில் தல என்னும் இனச்சொற்கள் உள்ளன. அவற்றுக்கும் முனைப்பொருள் முற்றும் அயலானதன்று. ஆயின் அம்மொழிப் பெயர்களில் ஒட்டடைக்கு மாறாக எரடு, ரெண்டு என்னும் தனி எண்ணுப்பெயர்கள் அமைந்துள்ளன. தெலுங்கில் தலல என்னும் பன்மை வடிவமும் சேர்கிறது. இவை எண்ணிக்கையை முன்னிறுத்துகின்றன, முனைப்பொருள் பின்தள்ளப்படுகிறது. இந்தியில் வழங்கும் தோமுஹா என்னும் பெயர் வாய் அல்லது முகம் என்னும் சொல்லைக் கொண்டதால் ஐயத்திற்கே இடமில்லை. மலையாளத்தின் இருதலமூரி தமிழ்ப்பெயரின் ஒட்டடையைக் காக்கிறது. தமிழ்ப் பேச்சுவழக்கிலும் ரெண்டுதலைப் பாம்பு, இரட்டைத்தலைப் பாம்பு என்னும் வடிவங்கள் கேட்கப்படுகின்றன. எண்ணுப்பெயர் அமைந்த பெயர்கள் அருகிலேயே ஒலிக்கும் தங்கவயல் போன்ற பன்மொழிக் களங்களில் முனைப்பொருளைவிட எண்ணிக்கைப் பொருளே வலுப்பெறும் என எதிர்பார்ப்பது மொழித்தொடர்பியலுக்கு ஏற்றதே.

கிரேக்கரின் வழி வேறு. ஆம்பிஸ்பைனா என்னும் பெயருக்கு இருபுறமும் செல்வது என்று பொருள். அவர்கள் பெயரிட்டது நடையை, தலையை அன்று. ஆயினும் நிக்காண்டர், பிளினி ஆகியோர் காலத்திலேயே அவ்வுயிருக்கு இரு தலைகள் கற்பிக்கப்பட்டன. 1758இல் லின்னேயசு இப்பெயரைத் தென்னமெரிக்காவின் காலற்ற புழுப்பல்லிகளுக்குச் சூட்டினார். பெயர் எத்தன்மையதாயினும் மழுங்கிய வால் கண்ட மனிதர் அதில் தலையைக் கண்டனர் என்பது இதனால் பெறப்படும்.

5. மண்ணுளி: மற்றொரு பெயரின் சான்று

இப்பாம்பின் மற்றொரு பெயர் வாலைப் பற்றியதன்று, வாழ்விடத்தைப் பற்றியது. மண்ணுளி என்பதை மண் + உள் எனப் பிரித்து மண்ணுக்குள் இருப்பது எனப் பொருள் கூறுவாருண்டு. மண்ணுணி என்னும் வடிவத்தையும் கருதினால் மண்ணை உண்பது என்னும் பொருள் கிடைக்கிறது. கன்னடத்தில் இதே பாம்புக்கு மண்ணு முக்க ஹாவு என்னும் பெயருண்டு; மண்ணை விழுங்கும் பாம்பு என்பது அதன் பொருள். பொருள் ஒத்த இப்பெயர் அண்டை மொழியில் இருப்பது இரண்டாம் விளக்கத்திற்கு வலுச்சேர்க்கிறது. மண்ணுணி என்பதில் அடுத்தடுத்து வரும் ணகரங்களுள் பின்னது ளகரமாய் வேறுபட்டு மண்ணுளி ஆயிற்று எனக் கொள்ளலாம். உள் என்னும் சொல்லின் சாயலும் அம்மாற்றத்திற்குத் துணைசெய்திருக்கும். மலையாளத்தில் மண்ணூலி என்பது இதன் நெருங்கிய உறவினமான மற்றொரு மண்பாம்பைக் குறிக்கிறது.

பாம்பு மண்ணை உண்பதில்லை. எலி முதலிய சிற்றுயிர்களையே உண்கிறது. இருப்பினும் மண்ணுளி என்னும் பெயரால் எவருக்கும் தீங்கு விளையவில்லை. சொல்லின் உட்பொருள் மறைந்து அது வெறும் அடையாளமாகிவிட்டது. இருதலை என்பதோ உட்பொருள் மறையாத பெயர். கேட்குந்தோறும் ஒரு செய்தியைக் கூறிக்கொண்டே இருக்கிறது. இந்த வேறுபாடு கலைச்சொல்லாக்கத்தில் கருத்திற் கொள்ளத்தக்கது.

6. தரங்கம்பாடியும் இலண்டனும்

இப்பாம்பு அறிவியல் நூலில் இடம்பெற்றதும் தமிழ்நிலத்தின் வழியாகவே. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசில் இயற்கை ஆய்வாளராக இருந்த பேட்ரிக் ரசல் 1796இல் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை இலண்டனில் வெளியிட்டார். 1801இல் வெளிவரத் தொடங்கிய இரண்டாம் பகுதியில் மண்ணுளி போவா ஜானீ என்னும் பெயரால் விவரிக்கப்பட்டது. தரங்கம்பாடியில் 1771 முதல் 1813இல் மறையும் வரை வாழ்ந்த கிறித்தோபர் சாமுவேல் ஜான் என்னும் சமயப்பணியாளரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. இயற்கைப் பொருள்களைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர் அவர். ஜானியஸ் என்னும் மீன் பேரினமும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மண்ணுளியின் மூல இடமாகத் தரங்கம்பாடியே குறிக்கப்படுகிறது.

ரசலின் நூல் மொழியியலாளருக்கும் உரியது. அக்காலத்தில் முறையான இலத்தீன் பெயர் பெறாத பாம்புகள் பலவற்றை அவர் உள்ளூர்ப் பெயர்களாலேயே தலைப்பிட்டார். அவற்றுள் பங்காரும் பாமா என்பது ஒன்று. தெலுங்கில் பங்காரு பொன் ஆகும். மஞ்சளும் கருமையும் பட்டைகளாக அமைந்த ஒரு கட்டுவிரியன் இனத்தை அது குறித்தது. 1803இல் தோதேன் இதிலிருந்தே பங்காரஸ் என்னும் பேரினப்பெயரை ஆக்கினார். தங்கவயலுக்குச் செல்லும் இருப்புப்பாதை பிரியும் நிலையம், ஆங்கில ஆணையர் பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை எனப்பட்டுப் பின்னர்ப் பங்காரப்பேட்டை ஆனது. பாம்பின் பேரினப்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் ஒலிப்பது ஒரே பொன்தான். ஒன்றில் அது நிறத்தைச் சுட்டியது, மற்றொன்றில் அயற்பெயர் ஒன்று பழகிய சொல்லாகத் திரிந்தது.

வாலோடு தொடர்புடைய மற்றொரு சான்று இதனினும் நுட்பமானது. கடற்பாம்பு ஒன்றற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் வலகடியன் என்னும் ஒலிப்பை ஒத்த இலத்தீன் சிறப்பினப் பெயர் வழங்கியது. இது வலைகடியன் என்னும் தமிழ்ப்பெயர். மீனவர் வலையில் சிக்கிக் கடிப்பது என்பது பொருள். உரோம எழுத்தில் நெடிலும் குறிலும் வேறுபடுத்தப்படாமல் ஐகாரமும் குறைந்துபோனதால், இப்பெயரைத் தமிழுக்கு மீட்கும் மொழிபெயர்ப்பாளர் வால்கடியன் என எழுதிவிட இடமுண்டு. கடற்பாம்பின் வால் துடுப்புப் போல் தட்டையானது என்னும் செய்தி அப்பிழைக்குப் பொய்யான ஆதரவும் தரும். ஒரு பெயர் உரோம எழுத்தின் வழியாகத் திரும்பி வரும்போது முதலில் அதன் ஒலிகளை மீட்டல் வேண்டும். பொருளை ஆராய்தல் அதன் பின்னரே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

7. பெயர் உடலைத் திருத்திய வரலாறு

பெயர் பொருளைப் பின்பற்றுவதே இயல்பு. இருதலைப் பாம்பின் வரலாற்றில் பொருளும் பெயரைப் பின்பற்றச் செய்யப்பட்டது. வித்தை காட்டுவோர் மண்ணுளியின் வால்நுனியைச் சிதைத்து வாய் போலவும் கண் போலவும் தோன்றச் செய்தனர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு விலங்கியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. காண்போருக்கு இரு தலை என்று கூறப்பட்டது. அவர்கள் காண வேண்டிய இரண்டாம் தலை கத்தியால் உண்டாக்கப்பட்டது.

இப்பாம்பின் இயற்கையான தற்காப்பு முறையும் நம்பிக்கைக்குத் துணைநின்றது. அச்சுறுத்தப்படும்போது அது தலையை உடற்சுருளின் அடியில் மறைத்து வாலை மேலே உயர்த்துகிறது. தாக்கும் உயிரின் கவனம் வாலின்மேல் செல்கிறது. பாம்புகளின் இத்தகைய வால் காட்டும் நடத்தையை ஹாரி கிரீன் 1973இல் தொகுத்து ஆராய்ந்தார். வட அமெரிக்காவின் இரப்பர் போவாவிலும் இதே பழக்கமும், அதன் விளைவாக வாலில் தழும்புகளும் காணப்படுகின்றன. மீனுக்குத் தலையும் பாம்புக்கு வாலும் காட்டும் விலாங்கு என்னும் பழமொழி இரண்டகம் செய்வோரைச் சுட்டுவது. மண்ணுளியோ பகைக்கு வாலைத் தலையாகக் காட்டித் தன் தலையைக் காத்துக்கொள்கிறது. அந்த ஏமாற்று பறவைக்கும் விலங்குக்கும் எதிராகப் பயன்பட்டது. மனிதருக்கு எதிராகப் பயன்படவில்லை.

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இந்நம்பிக்கை வணிகமாயிற்று. செல்வம் தரும், மந்திரத்திற்கு உதவும், மருந்தாகும் என்னும் கூற்றுகளால் மண்ணுளிகள் பிடித்து விற்கப்படுகின்றன. 2016 முதல் 2021 வரை ஊடகங்களில் வந்த செய்திகளைத் தொகுத்த வனஉயிர்ப் பாதுகாப்பு அமைப்பொன்று இந்தியாவில் 172 நிகழ்வுகளைக் கணக்கிட்டது. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்கிறது. பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இது உள்ளது. இவ்வணிகத்திற்குப் பெயர் மட்டுமே காரணம் எனல் மிகையாகும். எனினும் இரண்டு தலை என்னும் தொடரின்றி இப்பாம்பை விற்பது அரிது. செய்தித்தாள்கள் கடத்தலைக் கண்டித்து எழுதும்போதும் இரண்டு தலைப் பாம்பு பிடிபட்டது என்று தலைப்பிட்டால், அவை கண்டிக்கும் நம்பிக்கைக்கே சான்று பகர்கின்றன.

உண்மையில் இரு தலையோடு பிறக்கும் பாம்புகள் அரிதாக உண்டு. கருவளர்ச்சிக் குறைபாட்டால் விளையும் அவற்றில் இரு தலைகளும் உடலின் முன்முனையிலேயே கவர்பட்டு அமைகின்றன. ஆங்கில நூல்கள் இரண்டு நிலைகளையும் ஒரே தொடரால் குறிக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் சூழலை நோக்கிப் பிரித்தறிதல் வேண்டும்.

8. வால் முறிவு: வினைச்சொல்லின் தேர்வு

வாலைத் தாக்க விட்டுத் தலையைக் காக்கும் உயிர்களில் அடுத்த நிலை, வாலையே இழந்து உயிரைக் காத்தல். இதனைக் குறிக்கும் ஆட்டோடமி என்னும் சொல்லை 1880களில் பெல்ஜிய உடலியலாளர் லேயோன் பிரடெரிக் புழக்கத்திற்குக் கொணர்ந்தார். தான், வெட்டு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

பல்லியிலும் அரணையிலும் வாலின் முதுகெலும்புக் கண்ணிகள் பலவற்றுள் முன்னமைந்த முறிதளம் ஒன்று உண்டு. தசைகள் சுருங்கக் கண்ணியே அத்தளத்தில் பிளந்து வால் பிரிகிறது. குருதிக்குழாய்கள் சுருங்குவதால் குருதி மிகுதியாக வெளியேறுவதில்லை. பின்னர் வால் மீண்டும் வளர்கிறது. எலும்புக் கண்ணிகளுக்கு மாறாகக் குருத்தெலும்புக் குழல் ஒன்று அதனுள் அமைகிறது.

பாம்பின் நிலை வேறு. அதன் வாலில் முறிதளம் இல்லை. பிரிவு இரு கண்ணிகளுக்கு இடையிலேயே நிகழ்கிறது. பெரும்பாலும் பகை வாலைப் பற்றியிருக்க, பாம்பு உடலைச் சுழற்றித் திருகும்போது வால் முறிகிறது. முறிந்த வால் மீண்டும் வளர்வதில்லை. முனை ஆறி மழுங்கிவிடுகிறது. எல்லாப் பாம்புகளிலும் இது நிகழ்வதில்லை. ஏரி, குளங்களில் வாழும் நீர்ப்பாம்பிலும் அதன் உறவினங்களிலும் வால் குறைந்தவை அடிக்கடி காணப்படுகின்றன. வியட்நாமின் நீர்ப்பாம்பு பற்றி அனன்யேவா, ஓர்லோவ் ஆகியோர் 1994இல் எழுதினர். நடு அமெரிக்கப் பாம்பினம் ஒன்றில் வால் ஒரே உயிரியில் பலமுறை முறியக்கூடும் என்னும் கருத்தைச் சுலோவின்ஸ்கி, சாவேஜ் ஆகியோர் 1995இல் முன்வைத்தனர். அவ்வினத்திற்கு நெருங்கிய உறவுடைய சிறுபாம்புகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளன.

ஆங்கிலத்தில் இந்நிகழ்ச்சிக்குச் சொல் நிலைபெறவில்லை. 1994ஆம் ஆண்டுக் கட்டுரை பல்லிக்குரிய சொல்லையே பாம்புக்கும் ஆண்டது. 1995ஆம் ஆண்டுக் கட்டுரை வால்வெட்டு என்னும் பொருளுடைய யூரோட்டமியை ஆண்டது. வேறு சிலர் போலி என்னும் முன்னொட்டைச் சேர்த்தனர். தமிழாக்கம் செய்வோர் இம்மூன்றையும் தன்வெட்டு என ஒருபடித்தாகப் பெயர்த்தால் வேறுபாடு மறையும்.

தமிழ் வினைகளில் இவ்வேறுபாட்டைக் காட்டும் வாய்ப்பு முன்பே உள்ளது. கயிறு அறும், கொம்பு முறியும், இலை உதிரும், வளை கழலும். அறுதல் இழைபோன்ற பொருளின் தொடர்ச்சி கெடுதல். முறிதல் விறைத்த பொருள் விசையால் ஒடிதல். உதிர்தல் காம்பின் இயல்பான பிரிவு. கழலுதல் பொருத்திலிருந்து நெகிழ்ந்து விடுபடல். பல்லிக்கு வால் அறுந்தது என்பதே உலகவழக்கு. பாம்புக்கு அவ்வழக்கு நிலைபெறவில்லை.

மேலும், அறு என்னும் வினை தன்வினையாய் அறுந்தது எனவும், பிறவினையாய் அறுத்தது எனவும் வரும். கிரேக்கச் சொல்லின் பொருள் பிறவினைப் பாற்பட்டது. செய்வதும் படுவதும் ஒரே உயிர். எனவே பல்லியின் நிகழ்ச்சிக்குத் தன்னறுப்பு என்னும் சொல் பொருந்தும். தானறுதல் என்றால் செய்வினை மறைந்து, காரணமின்றி அறுந்ததாகிவிடும். பாம்புக்கு வால் முறிவு என்பதே தகும். அதில் புறவிசை குறிப்பாகப் பெறப்படுகிறது. முறியும் இடத்தைச் சுட்ட வேண்டின் கண்ணியக முறிவு, கண்ணியிடை முறிவு எனப் பிரிக்கலாம். முன்னது பல்லிக்கும் பின்னது பாம்புக்கும் உரியது. அகம், இடை என்னும் இரு சொற்களும் தமிழ் மாணவர் அறிந்தவை. வரைபடமின்றியே வேறுபாட்டை உணர்த்த வல்லவை.

வகைப்பாட்டு நூல்களை மொழிபெயர்ப்போருக்கு இதில் நடைமுறைப் பயனும் உண்டு. வாலடிச் செதில்களின் எண்ணிக்கை இனங்காணலில் முதன்மையான சான்று. முறிந்த வாலையுடைய மாதிரியில் அவ்வெண்ணிக்கை பொருளற்றது. ஆதலின் நூலாசிரியர் வால் முழுமையற்றது எனக் குறிப்பர். அதனைக் குட்டைவால் எனப் பெயர்த்தால், விபத்தின் விளைவு இனத்தின் இயல்பாக மாறிவிடும். மண்ணுளியின் வால் குட்டையானது; முறிந்ததன்று. நீர்ப்பாம்பின் வால் முறிந்திருக்கலாம், இயல்பில் குட்டையானதன்று.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வால் என்னும் சொல்லுக்கு மக்கள் வழக்கில் வடிவமும் அறிவியலில் இடமும் அளவுகோலாக உள்ளன. மொழிபெயர்ப்பில் எது கருதப்படுகிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இரண்டாவதாக, இருதலைப் பாம்பு என்னும் தமிழ்ப்பெயர் இருமுனையும் ஒத்தது என்னும் பொருளுக்கு இடந்தருவது. அதனைப் பிழையான பெயர் எனத் தள்ள வேண்டியதில்லை. இரண்டு தலைப் பாம்பு, இரட்டைத்தலைப் பாம்பு என்னும் வடிவங்களை மண்ணுளிக்கு வழங்காமல், கருவளர்ச்சிக் குறைபாட்டால் இரு தலையுடன் பிறப்பவற்றுக்கே இரட்டைத்தலை என்பதை ஒதுக்குதல் நலம். பொதுமக்களுக்கு எழுதும்போது மண்ணுளி என்னும் பெயரே தீங்கற்றது. மூன்றாவதாக, தன்னறுப்பு, வால் முறிவு ஆகியவற்றை வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும்.

தங்கவயலில் இப்பாம்பின் பெயர் மூன்று மொழிகளில் வழங்குகிறது. மூன்றும் ஒன்று போலத் தோன்றுவதாலேயே அவற்றிடையே உள்ள வேறுபாடு கவனிக்கப்படாமல் போயிற்று. ஒற்றுமை வெளிப்படையாகத் தெரியும் இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் மிகுதியும் நின்று நோக்க வேண்டியுள்ளது. ஓர் எண்ணடை எண்ணுப்பெயராக மாறிய சிறு வேறுபாடு, இரண்டாம் தலை தேடுவோர் கையில் அவ்வுயிரைச் சேர்த்த காரணங்களுள் ஒன்றாகிவிட்டது.